அரைப் பார்வையோடு பின்செல்வது

"சிறு குழந்தையாக இருந்தபோதே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். வளர்ந்த பிறகு விசுவாசத்தை நானே அறிக்கையிடும் திடப்படுத்தல் சடங்கும் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குத் தவறுவதில்லை. ஆனால் இயேசு யார் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒருவரே முழு தேவனும் முழு மனிதனுமாக இருப்பது எப்படி, அவர் சிலுவையில் இறந்தது என்னை மீட்பது எப்படி என்று கேட்டால் படித்ததை ஒப்பிப்பேன், உள்ளே விளங்கவில்லை. விளங்காமலேயே அவருடைய சீடன் என்று சொல்லிக்கொள்வது பொய்யாகாதா? முதலில் புரிந்துகொள்ள வேண்டுமா, பின்பற்ற வேண்டுமா? எந்தத் தமிழ் வேதாகமத்தை வைத்துத் தொடங்கலாம்?" இதுதான் கேள்வி.

பொய்யாகாது. விளங்காமல் பின்சென்றவர்களின் கதைதான் சுவிசேஷம். சுவிசேஷத்தை எழுதியவர்களில் ஒருவரான மாற்கு இதை மறைக்கவே இல்லை. இயேசு தம் சாவைப் பற்றிச் சொன்னபோது சீடர்களுக்கு அது புரியவில்லை, கேட்கவும் பயந்தார்கள் என்று 9:32இல் எழுதிவிட்டுப் போகிறார். நீங்கள் கேட்டுவிட்டீர்கள். அந்த வகையில் அவர்களைவிட ஒரு படி மேல்.

ஆனால் "புரியாவிட்டால் பரவாயில்லை, நம்பினால் போதும்" என்று உங்கள் முதுகைத் தட்டி அனுப்பவும் எனக்கு மனமில்லை. திடப்படுத்தல் வகுப்பு எடுத்த ஆண்டுகளில் நானே அப்படிப் பல பிள்ளைகளை அனுப்பியிருக்கிறேன்; அதற்காக வருந்துகிறேன். மாற்கு எட்டாம் அதிகாரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். உங்கள் கேள்விக்கு அங்கே விடை இருக்கிறது. அது உபதேசமாக அல்லாமல், கதைகளை அடுக்கியிருக்கும் விதத்தில் இருக்கிறது.

படகில் ஒரே ஒரு அப்பம். சீடர்கள் அதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். ஐயாயிரம் பேருக்குப் பரிமாறி மீதியைப் பன்னிரண்டு கூடைகளிலும், நாலாயிரம் பேருக்குப் பரிமாறி மீதியை ஏழு கூடைகளிலும் அள்ளியவர்கள் இவர்கள். இயேசு கேட்கிறார்: கண்களிருந்தும் காணாதிருக்கிறீர்களா? அடுத்த காட்சியிலேயே பெத்சாயிதாவில் ஒரு குருடனை அவரிடம் கொண்டுவருகிறார்கள். அவர் அவனைக் கைபிடித்து ஊருக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய், கண்களில் உமிழ்ந்து, கைகளை வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். அவன் சொல்கிறான்: "நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்." மறுபடியும் கைகளை வைக்கிறார். பிறகுதான் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

இரண்டு தடவையாக நடந்த சுகமளித்தல் இது ஒன்றுதான். மத்தேயுவும் லூக்காவும் இதை எழுதவில்லை. முதல் தடவையிலேயே சரியாகாதது அவர்களுக்குச் சங்கடமாக இருந்ததோ என்னவோ. மாற்குக்கு அந்தச் சங்கடம் இல்லை, ஏனென்றால் அடுத்து வரப்போகும் மனிதனுக்கு இந்தக் குருடன் ஒரு முன்னுரை. அந்த மனிதன் சீடர்களில் ஒருவனான பேதுரு.

அங்கிருந்து வடக்கே, எர்மோன் மலையின் அடிவாரத்தில் பிலிப்புச் செசரியா. யோர்தானின் ஊற்றுகளில் ஒன்று பாய்கிற இடம். பாறைக் குகையில் பான் என்ற கிரேக்கத் தேவனுக்கு வழிபாடு நடந்தது. ஏரோது மன்னன் அகுஸ்து இராயனுக்கு அங்கே ஒரு கோவில் கட்டினான். அவன் மகன் பிலிப்பு ஊரைப் பெரிதாக்கி, இராயனின் பட்டத்தையும் தன் பெயரையும் சேர்த்து வைத்தான். தேவர்களும் பேரரசனும் பெயர் பொறித்துக்கொண்ட அந்த மண்ணில், வழியில் நடந்துகொண்டே, "என்னை யார் என்று சொல்லுகிறீர்கள்?" என்று ஒரு தச்சர் கேட்கிறார். பேதுரு சொல்கிறான்: "நீர் கிறிஸ்து."

சரியான விடை. நம் வகுப்பாக இருந்தால் முழு மதிப்பெண். ஆனால் இயேசு அதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்கிறார். அடுத்த மூச்சில், தாம் பாடுபட்டு, தள்ளப்பட்டு, கொல்லப்பட்டு, மூன்று நாளைக்குப் பின் எழ வேண்டும் என்று சொல்லத் தொடங்குகிறார். பேதுரு அவரைத் தனியே அழைத்துக்கொண்டுபோய்க் கடிந்துகொள்கிறான். சீடன் குருவைத் தனியே அழைத்துக் கண்டிப்பது எத்தனை பெரிய துணிச்சல் என்று யோசித்துப் பாருங்கள். "கிறிஸ்து" என்றால் அபிஷேகம் பெற்றவர். தாவீதின் சிங்காசனத்துக்கு வரப்போகிறவர், அந்நியனை விரட்டப்போகிறவர் என்றுதான் அந்தச் சொல் அன்றைய பலருடைய காதில் ஒலித்தது. பேதுருவுக்கு ஆள் தெரிகிறார், ஆனால் மரம்போலத் தெரிகிறார்.

இங்கேதான் மொழிபெயர்ப்பைப் பற்றி நீங்கள் கேட்டது வந்து சேருகிறது. பேதுருவுக்குக் கிடைத்த பதிலைப் பழைய வேதாகமம், அதாவது நாம் படித்து வளர்ந்த பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, "எனக்குப் பின்னாகப்போ சாத்தானே" என்று தருகிறது. பிற்கால மொழிபெயர்ப்பான திருவிவிலியம் "என் கண்முன் நில்லாதே, சாத்தானே" என்கிறது. ஓடு, ஒழிந்துபோ என்ற பொருளில்தான் பெரும்பாலோர் இதைக் கேட்கிறோம். கிரேக்கத்தில் இருப்பது "எனக்குப் பின்னால்" என்ற சொற்கள். கடற்கரையில் வலை வீசிக்கொண்டிருந்த இதே பேதுருவை முதன்முதலில் அழைத்தபோது சொன்னதும் அதே சொற்கள்: "என் பின்னே வாருங்கள்" (1:17). சாத்தானே என்று திட்டியதற்கு அடுத்த வசனத்தில் ஜனங்களைக் கூப்பிட்டுச் சொல்வதும் அதுவே: "ஒருவன் என் பின்னே வர விரும்பினால்..." எனவே பேதுருவை அவர் விரட்டவில்லை. முன்னால் வந்து நின்று வழியை மறித்தவனை, "உன் இடம் பின்னால், அங்கே போ" என்று சீடனுடைய இடத்துக்குத் திருப்பி அனுப்புகிறார். திட்டு கடுமையானதுதான். ஆனால் திட்டுக்குள்ளேயே அழைப்பும் இருக்கிறது. திருவிவிலியத்தில் இந்தக் கண்ணி அறுந்துவிடுகிறது. பழைய வேதாகமம் காப்பாற்றி வைத்திருக்கிறது.

அடுத்த வசனத்தில் நிலைமை தலைகீழ். "தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை எடுத்துக்கொண்டு என்னைப் பின்பற்றக்கடவன்" என்று பழையதில் படித்து வளர்ந்தவர்கள் நாம். இந்த "வெறுத்து" தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குச் செய்த சேதம் கொஞ்சமல்ல. தன்னை வெறுப்பதே பக்தி, தான் ஒன்றுக்கும் ஆகாதவள் என்று சொல்லிக்கொண்டே இருப்பதே தாழ்மை என்று வாழ்ந்து முடித்தவர்களை எனக்குத் தெரியும். திருவிவிலியம் "தன்னலம் துறந்து" என்கிறது. இது மூலத்துக்கு இன்னும் நெருக்கம், ஆனாலும் முழுவதும் அல்ல. அந்தக் கிரேக்க வினைச்சொல்லுக்குத் தமிழ் வேதாகமத்திலேயே நல்ல சொல் ஒன்று இருக்கிறது, வேறொரு இடத்தில்: "நீ என்னை மூன்றுதரம் மறுதலிப்பாய்." அதே வினைதான். பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில், "அந்த மனுஷனை அறியேன்" என்று பேதுரு சத்தியம் செய்தானே, அதுதான் மறுதலித்தல். அப்படியானால் தன்னை மறுதலிப்பது என்ன? எனக்கு முதல் பந்தி வேண்டும், நான் சொன்னதே நடக்க வேண்டும் என்று உள்ளே உட்கார்ந்து அதிகாரம் பண்ணுகிற ஆளைப் பார்த்து, "இந்த மனிதனை எனக்குத் தெரியாது" என்பது. இதில் வெறுப்புக்கு வேலையே இல்லை. பேதுரு மறுதலிக்க வேண்டியது தன்னை, மறுதலித்தது இயேசுவை. மாற்கு ஒரே சொல்லைக் கொண்டு இரண்டையும் கட்டிவிடுகிறார்.

சிலுவை என்ற சொல்லையும் நாம் தேய்த்துவிட்டோம். சர்க்கரை வியாதி, வேலை கிடைக்காத மகன், வாய் ஓயாத மாமியார், எல்லாவற்றையும் "அது என் சிலுவை" என்கிறோம். அன்று இதைக் கேட்டவர்களுக்குச் சிலுவை உவமையே அல்ல. ஏரோது செத்த பிறகு எழுந்த கலகத்தை அடக்க வந்த ரோம ஆளுநர் வாருஸ் ஏறத்தாழ 2000 பேரைச் சிலுவையில் அறைந்தான் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். அது இயேசு குழந்தையாக இருந்த காலம். நாசரேத்திலிருந்து ஆறேழு கிலோமீட்டர் தொலைவில் இருந்த செப்போரிஸ் நகரம் அந்தக் கலகத்தில் எரிக்கப்பட்டது. குறுக்கு மரத்தைச் சுமந்துகொண்டு போகிறவன் திரும்பி வரமாட்டான் என்பது கலிலேயாவில் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்டவர்களிடம் சிலுவையை எடுத்துக்கொண்டு வா என்றால், அரசாங்கமும் ஊரும் உன்னைக் கைவிட்டாலும் என் பின்னால் வருவாயா என்று பொருள். "என்னிமித்தமாகவும் சுவிசேஷத்தினிமித்தமாகவும்" என்று அடுத்த வசனமே எல்லையையும் போட்டுக் கொடுக்கிறது.

அதனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அடிக்கிற கணவனோடு வாழும் பெண்ணிடம், "பொறுத்துக்கொள் அம்மா, ஆண்டவர் கொடுத்த சிலுவை" என்று சொல்லும் பெரியவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். அவர்கள் இந்த வசனத்தைத் திருடிக்கொண்டு போய் வேறு காரியத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். தம்மிடம் வந்த எந்த நோயாளியிடமும் இயேசு "இது உன் சிலுவை, வைத்துக்கொள்" என்று சொன்னதில்லை, சுகமாக்கி அனுப்பினார்.

இனி உங்கள் முதல் கேள்வி. புரிதல் முந்தியா, பின்பற்றுதல் முந்தியா? மாற்கில் இயேசு யார் என்பதைத் தொடக்கத்திலேயே துல்லியமாகச் சொல்வது யார் தெரியுமா? கப்பர்நகூம் ஜெப ஆலயத்தில் அசுத்த ஆவி: "உம்மை இன்னார் என்று அறிவேன், நீர் தேவனுடைய பரிசுத்தர்" (1:24). அந்த விடையில் பிழையே இல்லை. ஆனால் அது அவர் பின்னால் ஓர் அடி நடக்காது. பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று யாக்கோபு எழுதியது இதே செய்திதான். இன்னொரு பக்கம், 451ஆம் ஆண்டு திருச்சபைத் தலைவர்கள் கூடிய கல்செதோன் சங்கம் இருக்கிறது. ஒரே கிறிஸ்து, மெய்யாகவே தேவன், மெய்யாகவே மனிதன், இரண்டு சுபாவங்களும் கலவாமல், மாறாமல், பிரியாமல், பிளவுபடாமல் என்று அங்கேதான் வரையறுத்தார்கள். பேதுரு வலையை விட்டுவிட்டு எழுந்ததற்கும் இதற்கும் இடையில் நானூறு ஆண்டுகளுக்கு மேல். அந்த நானூறு ஆண்டுகளில் இயேசுவுக்காகச் செத்தவர்கள் யாரும் உங்கள் வகுப்புப் பாடத்தை ஒப்பிக்கத் தெரிந்தவர்கள் அல்லர். வரையறை தேவையற்றது என்று இதற்கு அர்த்தமில்லை. தவறான பாதைகளில் விழுந்துவிடாமல் இருக்கப் போட்ட வேலி அது. வேலி இருக்கிறது என்பதற்காக யாரும் வேலிமேல் நடப்பதில்லை.

மாற்கு இந்தப் பகுதி முழுவதையும் ஒரு பயணமாக எழுதியிருக்கிறார். பெத்சாயிதாக் குருடனில் தொடங்கி எரிகோக் குருடனில் முடிகிறது, 8:22 முதல் 10:52 வரை. இடையில் மூன்று தடவை இயேசு தம் சாவைச் சொல்கிறார். மூன்று தடவையும் சீடர்கள் சொதப்புகிறார்கள். முதல் தடவை பேதுருவின் கண்டிப்பு. இரண்டாம் தடவை, தங்களில் யார் பெரியவன் என்று வழியில் வாக்குவாதம். மூன்றாம் தடவை யாக்கோபும் யோவானும் வலதுபக்கமும் இடதுபக்கமும் இரண்டு இருக்கைகளை முன்பதிவு செய்ய வருகிறார்கள். "உங்களுக்கு என்ன செய்யவேண்டும் என்று விரும்புகிறீர்கள்?" என்று இயேசு கேட்கிறார். சற்றுப் பிறகு எரிகோவில் வழியோரம் பிச்சையெடுக்கும் பர்திமேயுவிடமும் ஏறத்தாழ அதே கேள்வி. சீடர்கள் கேட்டது சிங்காசனம். பிச்சைக்காரன் கேட்டது பார்வை. அவன் தன் மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு எழுந்து வந்தான், பார்வையடைந்தான், "வழியிலே இயேசுவுக்குப் பின்சென்றான்". அந்த வழி எருசலேமுக்குப் போகிற வழி. அடுத்த வாரத்துக்குள் சிலுவை.

இதே பயணத்தில்தான் ஒருவன் ஓடி வந்து முழங்காற்படியிட்டு, நித்திய ஜீவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறான். கற்பனைகளெல்லாம் சிறு வயதிலிருந்தே அவனுக்குப் பாடம். இயேசு அவனைப் பார்த்து அவனிடம் அன்புகூர்ந்தார் என்கிறது 10:21. மாற்கு சுவிசேஷத்தில் இயேசு அன்புகூர்ந்ததாகப் பெயரிட்டோ பெயரிடாமலோ சுட்டப்படும் ஒரே தனிமனிதன் இவன்தான். அவனுக்குப் புரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நன்றாகப் புரிந்தது, அதனால்தான் துக்கத்தோடே போனான். அவனுக்கு மிகுந்த ஆஸ்தி இருந்தது.

ஆகவே என் பதில்: முந்தியும் பிந்தியும் இல்லை. பின்னால் நடக்க நடக்கத்தான் முன்னால் போகிறவர் யார் என்பது தெளிகிறது. மத்தேயு 11:29இல் வார்த்தைகளின் வரிசையைக் கவனியுங்கள்: "என் நுகத்தை உங்கள்மேல் ஏற்றுக்கொண்டு, என்னிடத்தில் கற்றுக்கொள்ளுங்கள்." நுகம் முதலில், பாடம் பிறகு. எங்கள் ஊர்ப்பக்கம் இளங்காளையைப் பழகிய மாட்டோடு சேர்த்துப் பூட்டித்தான் உழவு பழக்குவார்கள். தொழுவத்தில் நிறுத்தி வைத்து ஏரைப் பற்றி விளக்குவதில்லை. யோவான் 7:17 இதையே நேராகச் சொல்கிறது: தேவனுடைய சித்தத்தின்படி செய்ய மனதுள்ளவன் எவனோ, அவன் இந்த உபதேசம் எங்கிருந்து வந்தது என்று அறிந்துகொள்ளுவான்.

"செய்ய" என்றால் எதை? பெரிய ஊழியம் எதையும் தேட வேண்டாம். பலிபீடத்தில் காணிக்கை வைக்கும்போது, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முன்பு போய் ஒப்புரவாகு என்கிறது மலைப்பிரசங்கம். ஒரு சென்ட் நிலத்துக்காகப் பத்து ஆண்டுகளாகப் பேசாத அண்ணனும் தம்பியும் ஒரே கோவிலில் இரண்டு பக்கமாக உட்கார்ந்து ஒரே பாட்டைப் பாடுவதை நான் ஞாயிறுதோறும் பார்க்கிறேன். அவர்களில் ஒருவர் எழுந்து மற்றவர் வீட்டுக்குப் போனால், மன்னிப்பைப் பற்றி நான் எடுத்த அத்தனை வகுப்புகளைவிட அதிகமாக அன்றைக்குப் புரிந்துகொள்வார்.

அல்லது மாற்கு 10:42–44. புறஜாதியாரின் அதிகாரிகள் இறுமாப்பாய் ஆளுகிறார்கள், "உங்களுக்குள்ளே அப்படி இருக்கலாகாது." 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தமிழ்ச் சபைகளில் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள். அவர்கள் விசுவாசப் பிரமாணத்தைத் தப்பில்லாமல் சொல்லக்கூடியவர்கள். இன்றைக்கும் "தேவபக்தியுள்ள, இன்ன சாதி மணமகள் தேவை" என்ற விளம்பரத்தில் முதல் சொல்லுக்கும் இரண்டாவது சொல்லுக்கும் சண்டை இருப்பது பலர் கண்ணுக்குப் படுவதில்லை. நடக்கிற மனிதர்கள் மரங்களைப்போலத் தெரிகிறார்கள், அதிலும் இன்ன தோப்பு மரம் என்று தெரிகிறார்கள். உங்கள் வீட்டில் திருமணப் பேச்சு வரும்போது இந்த வசனத்துக்குக் கீழ்ப்படிந்து பாருங்கள். இயேசு யார், அவர் ஏன் தள்ளப்பட்டார் என்பது புத்தகத்தில் வாசித்ததைவிட வேறு விதமாகத் தெரியவரும். ஒன்றிரண்டு உறவுகளும் போகலாம்.

இப்படி நடக்கும்போதும் சந்தேகம் விலகிவிடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். வலிப்பினால் அவதிப்பட்ட பையனின் தகப்பன் கண்ணீரோடு, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கத்தினான். முதலில் அவிசுவாசத்தை முடித்துவிட்டு வா என்று இயேசு சொல்லவில்லை, பையனைக் குணமாக்கினார். உங்கள் ஜெபத்துக்கு இந்த ஒரு வரி போதும்.

வாசிப்பதற்கு: பழைய வேதாகமத்தையும் திருவிவிலியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேறுபடும் இடத்தில் நின்று யோசியுங்கள். மேலே சொன்ன இரண்டு வசனங்களும் எனக்கு அப்படிக் கிடைத்தவைதான். மாற்கு பதினாறே அதிகாரங்கள். ஒரு மாலையில், ஒரே இருப்பில், சத்தமாக வாசித்துவிடலாம். பின்சென்றவர்கள் என்று யாரை எழுதியிருக்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள். சீடர்களெல்லாம் ஓடிப்போன பிறகு சிலுவையைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்ற மகதலேனா மரியாளும், இன்னொரு மரியாளும், சலோமேயும் கலிலேயாவிலிருந்தே அவருக்குப் பின்சென்றவர்கள் என்று 15:41 சொல்லும். அவர்கள் "நீர் கிறிஸ்து" என்று அறிக்கை செய்ததாக மாற்கில் ஒரு வரிகூடக் கிடையாது.

மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் 16:8இல் நின்றுவிடுகின்றன. முதல் வாசிப்பில் நீங்களும் அங்கேயே நிறுத்துங்கள். கல்லறையில் வெண்ணாடை உடுத்திய வாலிபன் அந்தப் பெண்களிடம் சொல்லி அனுப்புகிற செய்தியை மட்டும் இரண்டு தடவை வாசியுங்கள். "அவருடைய சீஷரிடத்திற்கும் பேதுருவினிடத்திற்கும்" போய்ச் சொல்லுங்கள் என்கிறான். பேதுருவும் சீஷர்தானே, தனியாக ஏன் பெயர்? "உங்களுக்கு முன்னே கலிலேயாவுக்குப் போகிறார்" என்கிறான். கலிலேயாதான் வலை வீசிக்கொண்டிருந்த இடம்.